விறகா? எண்ணெயா? அடுப்படியில் ஒரு கணக்கு

('தோட்டத்து அடுப்படி: விறகா? எண்ணெயா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இரண்டு கட்சிகளும் நன்றாகவே பேசிவிட்டன. விறகடுப்புக்காகப் பேசிய ஐயா, மண்சட்டியில் கொதிக்கும் மீன் குழம்பின் வாசனையை இந்த அரங்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார். எண்ணெய் அடுப்புக்காகப் பேசிய அம்மா, காலை நாலு மணிக்கு ஈர விறகோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்லி நம் எல்லாரையும் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு இருமல் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

குளிர் நாடுகளிலும் இதே கேள்வி உண்டு. வீட்டைச் சூடாக்க எண்ணெய் அடுப்பா, விறகும் நிலக்கரியும் எரிக்கும் அடுப்பா என்று அங்கே பல குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. நம் நாட்டில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியமில்லை. சிரம்பானில் மதிய வெயிலில் நின்றால் போதும்! ஆனால் சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பிள்ளை பெற்ற தாய்க்கு வெந்நீர், தாத்தா பாட்டி குளிக்க ஒரு வாளிச் சுடுதண்ணீர் என்று நமக்கும் நாள் முழுவதும் நெருப்பு வேண்டியிருக்கிறது. கேள்வி ஒன்றுதான், இடம்தான் வேறு. அவர்களுக்கு அது வரவேற்பறை, நமக்கு அடுப்படி.

விறகு இலவசமாக இருந்த காலம்

நம் முன்னோர்கள் ஏன் விறகடுப்பில் சமைத்தார்கள்? சுவைக்காகவா? சுற்றிலும் பால்மரம் இருந்தது. காற்றில் ஒடிந்து விழுந்த கிளை கிடைத்தது. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை மறு நடவுக்காகச் சாய்க்கும்போது மலைபோல் விறகு கிடைத்தது. லாபு, ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் எங்கு போனாலும் லயத்து வீட்டின் பின்புறம் அடுக்கிய விறகைப் பார்க்கலாம். பற்றவைக்க ஒட்டுப்பால் ஒரு துண்டு. அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூப். கரும்புகை கிளம்பினாலும் நெருப்பு உடனே பிடிக்கும்.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, பால்மரத்துக்குப் பதிலாகச் செம்பனை வந்தது. செம்பனை மரம் நார் நாராகத் தண்ணீரைக் குடித்து நிற்கும். அதைச் சாய்த்தாலும் அடுப்புக்கு உதவாது. காய்ந்த மட்டை குபீரென்று எரிந்து உடனே அணைந்துவிடும், மிஞ்சுவது புகைதான். இரண்டாவது, 1980களில் பால்மரப் பலகை தளவாடத் தொழிலுக்கு நல்ல மூலப்பொருள் ஆயிற்று. அதுவரை விறகாகவும் கரியாகவும் போன மரத்துக்கு லோரி வந்தது, விலை வந்தது. மூவார் பக்கத் தொழிற்சாலைகளில் அது மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பலேறியது. நம் அம்மாக்கள் பொறுக்கிய சுள்ளிக்குச் சந்தையில் விலை ஏறியது. அம்மாக்களின் கூலியும் அதே வேகத்தில் ஏறியதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே 'நம் பாரம்பரிய விறகடுப்பு' என்று பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்த அடுப்பு ஒரு காலத்தில் கையில் கிடைத்த பொருளுக்கு ஏற்ப அமைந்தது. அந்தப் பொருள் போய்விட்டது. இன்று விறகு வேண்டுமென்றால் தூரம் நடக்க வேண்டும், அல்லது கிடைத்ததை எரிக்க வேண்டும்.

கிடைத்ததை எரிப்பது என்றால் என்ன? தளவாடத் தொழிற்சாலையில் மிஞ்சிய துண்டு, பிளைவுட், சாயம் பூசிய பலகை, பழைய சன்னல் சட்டம். பால்மரத்தைப் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் தளவாடப் பலகைக்கு மருந்து ஏற்றுகிறார்கள். அதோடு பசை, சாயம், வார்னிஷ். அம்மாமார்களே, அந்தத் துண்டுகளைத் தயவுசெய்து சமையல் அடுப்பில் போடாதீர்கள். அந்தப் புகை வெறும் விறகுப் புகையைவிடக் கேடானது.

இலவசம் என்பது எவ்வளவு?

'விறகுக்குக் காசில்லையே, கேஸுக்கு யார் கொடுப்பது?' என்று பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இன்றைக்கு ஒரு கணக்கோடு வந்திருக்கிறேன்.

காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. மண்ணெண்ணெயில் கிலோவுக்குச் சுமார் 43. சமையல் எரிவாயுவில் சுமார் 46. ஆனால் அவ்வளவும் பானைக்குப் போய்ச் சேருவதில்லை. மூன்று கல் வைத்த அடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பானையைச் சேரும். மிச்சமெல்லாம் காற்றுக்கும் சுவருக்கும் சமைப்பவர் முகத்துக்கும் போகிறது. திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு சேரும். எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேரும்.

இதை வைத்துக் கூட்டிப் பார்த்தால், 14 கிலோ கேஸ் தோம்பு ஒன்று செய்யும் வேலையை மூன்று கல் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். மண்ணெண்ணெய் என்றால் சுமார் 25 லிட்டர். ஒரு தலைச்சுமை 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோம்பு என்பது பத்துத் தலைச்சுமை! வெட்ட வேண்டும், சுமக்க வேண்டும், பிளக்க வேண்டும், காயவைக்க வேண்டும், மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். பச்சை மரம் என்றால் இன்னும் மோசம். அதன் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் உங்கள் உலை கொதிக்கும்.

அந்தப் பத்துச் சுமைக்கு எதிரே கேஸின் விலை என்ன? அரசாங்க உதவித்தொகையோடு 2010 டிசம்பரில் நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு. அந்தக் கணக்கில் 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி தனி. சிறு குடும்பத்துக்கு ஒரு தோம்பு ஒரு மாதம் வந்தால் நாளுக்கு 90 காசுக்கும் குறைவு. ஒன்றரை மாதம் வந்தால் 60 காசு. ஒரு குவளை தே தாரேக்கு நாம் கொடுப்பது அதைவிட அதிகம்.

இப்போது சொல்லுங்கள், விறகு இலவசமா? விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்குப் போய், பால் வெட்டிச் சேர்த்து, உச்சி வெயிலில் திரும்பும் பெண்ணின் முதுகுக்கு விலை போடாதவரைதான் விறகு இலவசம்!

நம் வீட்டுப் புகைமூட்டம்

இனி உடம்புக்கு வருவோம். 2005 ஆகஸ்டு மாதத்துப் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 700ஐயும் தாண்டியது. பள்ளிகளை மூடினார்கள். நாம் கதவைச் சாத்தினோம், முகமூடி போட்டோம், பிள்ளைகளை வெளியே விடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு என்ன செய்தோம்? சில வீடுகளில் உள்ளே உட்கார்ந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதினோம்!

புகைமூட்டத்திலும் விறகடுப்பிலும் நுரையீரலுக்குள் போவது ஒரே வகை நுண்துகள்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள், ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் அடுப்படியில் அது நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தையும் தாண்டிப் போகும். வெளிப் புகைமூட்டம் சில வாரங்களில் கலைந்துவிடும். அடுப்படிப் புகைமூட்டமோ வேளை தவறாமல் வரும்.

வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் மதிப்பிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நுரையீரல் புற்றுநோய் எல்லாம் அதில் அடங்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்து இந்தப் புகையால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கண்ணில் புரை விழுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத நம் பாட்டிமார்கள் எத்தனை பேர், சிகரெட் பிடிப்பவரைப் போல விடியற்காலையில் இருமுகிறார்கள்? 'வயசானால் இருமல் சகஜம்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சகஜம் இல்லை, நேயர்களே. மருத்துவமனைக்கோ சுகாதாரக் கிளினிக்குக்கோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, 'இவர் இத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தவர்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புகை பிடிப்பீர்களா என்று டாக்டர் கேட்பார். பாட்டி இல்லை என்பார். கேள்வியும் பதிலும் சரிதான், ஆனால் விஷயம் விடுபட்டுப் போகும்.

தோட்டத்தில் புகைக்கூடம் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். ரப்பர் தகட்டைக் காயவைக்கக் கட்டிய கட்டடம் அது. பல புகைக்கூடங்களில் அடுப்பின் வாய் வெளியே இருக்கும். ஆள் வெளியில் நின்று விறகைத் தள்ளுவார். புகை உள்ளே தகட்டுக்குப் போகும். ரப்பர் தகட்டுக்குக் கட்டிய இடத்தில் மனிதரை வெளியே நிறுத்தினார்கள். மனிதருக்குக் கட்டிய அடுப்படியில் மனிதரை உள்ளே உட்கார வைத்துவிட்டோம்!

எண்ணெய் அடுப்பு தப்பித்ததா?

அப்படியானால் எண்ணெய் அடுப்புக்கு என் ஓட்டா? அதுவும் இல்லை. 1892இல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கிய 'பிரைமஸ்' அடுப்பிலிருந்து பம்பு அடித்து எரிக்கும் அடுப்புகள் உலகெங்கும் பரவின. திரி அடுப்பும் வந்தது. விறகோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலைதான். பானை அவ்வளவாகக் கரி பிடிக்காது, நேரம் மிச்சம். அந்தக் காலத்து அம்மாக்கள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததன் அருமை எனக்குப் புரிகிறது.

ஆனால் மண்ணெண்ணெயும் சுத்தமான எரிபொருள் இல்லை. 2014இல் உலகச் சுகாதார நிறுவனம் வீட்டு எரிபொருள் பற்றிய வழிகாட்டி வெளியிட்டபோது, பக்குவப்படுத்தாத நிலக்கரியை வீட்டில் எரிக்கவே கூடாது என்றும், மண்ணெண்ணெய்ப் பயன்பாட்டை ஊக்குவிக்கக் கூடாது என்றும் சொன்னது. அதன் புகை கண்ணுக்கு மெலிதாகத் தெரியும், ஆனால் மூச்சுக்கு மெலிது அல்ல.

நெருப்பு ஆபத்து வேறு. பலகைச் சுவர் லயத்து வீட்டில் ஓர் அடுப்பு கவிழ்ந்தால் பக்கத்து வீடும் சேர்ந்து போகும். எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயோடு பெட்ரோல் கலந்துவிட்டால் அது அடுப்பு அல்ல, வெடிகுண்டு. எண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு எது தண்ணீர், எது மண்ணெண்ணெய் என்று தெரியாது.

இன்னொன்று கரியடுப்பு. கரியில் கண்ணைக் கரிக்கும் புகை இல்லை என்பதால் வீட்டுக்குள் வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் மழை நாளில் சன்னலைச் சாத்திவிட்டுக் கரியடுப்பு மூட்டினால், தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

புகைபோக்கி வைத்தால் போதாதா?

விறகடுப்பை விட முடியாது, திருத்தலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. இந்தியாவில் 1983இல் புகையில்லா அடுப்புக்கென்று தேசியத் திட்டமே தொடங்கினார்கள். ஊர் ஊராக அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள். 2002இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். புகைபோக்கியில் கரி அடைத்தது, மண் விரிந்தது. அதைப் பராமரிக்க ஆளில்லாததால் பலர் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். பின்னர் தமிழ்நாட்டில் 2006இல் வந்த அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் இந்திய மத்திய அரசு 'உஜ்வலா' திட்டத்தில் ஏழைப் பெண்கள் பெயரிலேயே எரிவாயு இணைப்பு கொடுத்தது. அங்கும் ஒரு பாடம் கிடைத்தது. அடுப்பு இலவசமாக வந்தாலும், அடுத்த தோம்புக்குக் காசு இல்லாத வீட்டில் விறகு மறுபடியும் எரிந்தது.

நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நம் நாட்டில் கேஸ் பெரும்பாலான வீடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. அப்படியிருந்தும் ஏன் இன்னும் சில தோட்டங்களில், தோட்டத்து ஓரக் குடியிருப்புகளில், தனியாக இருக்கும் முதிய தாய்மார்களிடத்தில் விறகு எரிகிறது?

ஒரு காரணம் பயம். 'கேஸ் வெடிக்கும்.' இந்தப் பயத்தைக் கேலி செய்து போக்க முடியாது, சொல்லிக் கொடுத்துத்தான் போக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அதனால் தோம்பை அடைத்த அலமாரிக்குள் வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், பழசானால் மாற்றுங்கள். கசிவைத் தேடச் சோப்பு நுரை போதும், தீக்குச்சியைக் கொண்டுபோகாதீர்கள். வாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவு தெரியட்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். அது அடித்தால் விளக்கையோ மின்விசிறியையோ தட்டாதீர்கள். வால்வை மூடுங்கள், கதவு சன்னலைத் திறங்கள், வெளியே வந்து 999க்கு அழையுங்கள்.

இன்னொரு காரணம் நாம்தான், பிள்ளைகள். நான் தொலைக்காட்சியில் வேலை செய்பவள். இதைச் சொன்னால் என் நிறுவனத்தார் கோபிக்கலாம். தோட்டப் படப்பிடிப்புக்குப் போகும்போது சில வீடுகளில் முன்னறையில் சுவர் அகலத்துக்குத் தொலைக்காட்சியைப் பார்க்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்தது என்று அம்மா பெருமையாகச் சொல்கிறார். சந்தோஷம். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால் மூன்று கல், ஓர் ஊதுகுழல், கரி படிந்த கூரை. மகன் வந்து போவது முன்னறைக்கு. அம்மா இருப்பது பின்னறையில். யார் எந்த அறையில் நிற்கிறாரோ அவர் கண்ணுக்கு அந்த அறைதான் தெரிகிறது.

என் தீர்ப்பு

அவைத் தலைவர் அவர்களே, தீர்ப்பு சொல்வது உங்கள் உரிமை. என் தரப்பை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அன்றாடச் சமையலுக்கு எரிவாயு. சோற்றுக்கும் வெந்நீருக்கும் மின்சாரம் இருந்தால் மின்சாரம். மண்ணெண்ணெய் அடுப்பு அவசரத்துக்கு மட்டும், காற்றோட்டமான இடத்தில். கரியடுப்பு வெளியில் மட்டும்.

விறகடுப்பை உடைத்துப் போடச் சொல்லவில்லை. பொங்கலுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணப் பந்திக்கும் அண்டாவில் சமைக்க வேண்டுமே! அதைத் திறந்தவெளியில், கூரை மட்டும் போட்ட கொட்டகையில், நன்றாகக் காய்ந்த விறகில் மூட்டுங்கள். ஐயா சொன்ன மீன் குழம்பையும் மாதம் ஒரு நாள் அங்கேயே வைத்துச் சாப்பிடுவோம். சுவையைக் காப்பாற்ற ஒரு நாள் போதும். அதற்காக ஒருவர் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் புகையில் உட்கார வேண்டியதில்லை. அப்படியே விறகடுப்பில்தான் சுவை என்று சொல்லும் ஆண்கள், அடுத்த முறை நீங்களே ஊதுகுழலை எடுங்கள்.

வீட்டில் விறகடுப்பைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். அடுப்பைச் சுவருக்கு வெளியே, காற்று வரும் பக்கம் மாற்றுங்கள். விறகைக் கூரைக்கடியில் காயவைத்து எரியுங்கள். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். பானைக்கு மூடி போடுங்கள், விறகும் குறையும், நேரமும் குறையும்.

நேயர்களே, தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுப்போம், பொங்கலுக்குப் பானை வாங்குவோம். இந்த ஆண்டு அதோடு அம்மாவின் அடுப்படிக்குள் ஒருமுறை போய், அடுப்பு எரியும்போது பத்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், அடுத்து என்ன வாங்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.